நகரும் வியாபாரி

வரவில்லை. திருப்புளியின் முனை டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நகக்கண் அளவு நுழைந்தது, நின்றது, தமயந்தி தன் பாரம் முழுவதையும் கைப்பிடியில் இறக்கியதும் வழுக்கிக்கொண்டு போய் அலுமினிய வாளியில் மோதி ணங்கென்றது. சரி, இன்னொரு தடவை. துவைக்கிற கல்லின்மேல் படுத்திருந்த சக்கரத்தைக் கால்வட்டம் திருப்பிவைத்து, முழங்காலால் அமுக்கிக்கொண்டு, மறுபடியும் குத்தினாள். மணி பதினொன்றே கால். மூன்று மணிக்கு வார்டு ஆபீசிலிருந்து அந்த மனிதர் வருவார். வந்து, ஆனந்தவல்லி நகர் மூன்றாவது குறுக்குத் தெரு முனையில் நிற்கும் அம்மாவின் இஸ்திரி வண்டி உருள்கிறதா இல்லையா என்று பார்ப்பார். உருண்டால் அம்மா அந்த முனையில் இருக்கலாம். உருளவில்லையென்றால் அது வண்டியே இல்லை, ஆக்கிரமிப்பு. நாளைக் காலையில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். நான்கு சக்கரத்தில் மூன்று, எண்ணெய் விட்டதும், அழுதுகொண்டாவது சுற்றத்தான் செய்கின்றன. இது ஒன்றுதான், சாக்கடைப் பக்கத்துச் சக்கரம், ஒன்பது வருஷமாக ஈரத்தில் நின்று நின்று, டயர் புடைத்து வெடித்து, வண்டிச் சட்டத்தின் இரும்பில் முட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது. காலையில் அம்மாவும் அவளுமாகச் செங்கல் முட்டுக் கொடுத்து, நட்டைக் கழற்றினார்கள், இதை மட்டும் அவள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். டயரை எடுத்துவிட்டு வேறு மாட்டினால் தீர்ந்தது, சைக்கிள் டயர்தானே என்றுதான் நினைத்தாள். பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த தன் சைக்கிளிலிருந்து முன்டயரை இரண்டு கரண்டிக் காம்பை வைத்தே பத்து நிமிஷத்தில் உருவிவிட்டாள். அது இதோ, கொடிக் கம்பத்தில் தொங்குகிறது. அந்தப் பத்து நிமிஷம் கொடுத்த மமதையில்தான் இதைத் தொட்டாள். இது வேறு ரகம். இதில் ரப்பர் எங்கே முடிகிறது, துரு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. முகூர்த்த நாள் என்று சைக்கிள் கடைக்காரர் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைக்காரனோ சக்கரத்தைக் கையால்கூடத் தொடவில்லை. "சைக்கிளெல்லாம் நாங்க பாக்குறதில்ல பாப்பா. அதுவும் இது கழட்டுறதுக்கில்ல, காயலான் கடைக்குத்தான்." பாப்பா. இருபத்துமூன்று வயதில், சட்டப் படிப்பு கடைசி வருஷத்தில், பாப்பா. "நான் உங்ககிட்ட வேலை கேட்டேன், யோசனை கேக்கல" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தவளுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது, அவனிடம் இருந்த நெம்புகம்பி இரண்டையாவது இரவல் கேட்டிருக்கலாம். வாய் எப்போதும் முந்திக்கொள்கிறது. கை பின்னால் வந்து அவஸ்தைப்படுகிறது.

சோப்புத் தண்ணீரை விளிம்பு முழுக்க ஊற்றினாள், அது நுரைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்கிப் போனது, டயர் குடித்ததாகவே தெரியவில்லை. மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டாள். வெயிலில் மண்ணெண்ணெய் வாசனையும் பழைய ரப்பரின் வாசனையும் சேர்ந்து மேலே வந்தன, மூக்கை மூடிக்கொள்ளக் கை இல்லை. கட்டுமானம். அப்படித்தான் எழுதியிருந்தார்கள் நலச் சங்கத்தின் புகாரில், "மேற்படி நிரந்தரக் கட்டுமானம் போக்குவரத்துக்கும் நகரின் தோற்றத்துக்கும் இடையூறாக உள்ளது" என்று. நாலு கால், ஒரு பலகை, மேலே ஒரு தகரம், அதன் கீழே அம்மா; இது கட்டுமானம். சங்கத் தலைவர் சபேசன் வீட்டு வாசலில், தெருவில், சாம்பல் நிற உறை போட்டு ஒரு கார் நிற்கிறதே, அவர் பேங்க்கிலிருந்து ரிட்டையர் ஆன வருஷத்திலிருந்து, நாலு டயரும் காற்றுப் போய் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்து, அடியில் பூனை குட்டி போட்டு, அந்தக் குட்டி குட்டி போட்டு, அது என்ன? அது கார். அது நகராவிட்டாலும் கார். நகராத காருக்குக் கார் என்றே பெயர் இருக்கும்போது நகராத வண்டி மட்டும் எந்த நியாயத்தில் கட்டுமானமாகும்? இதைச் செவ்வாய்க்கிழமை அந்த ஆபீசரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் என்ன, கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "நீ நல்லா பேசற. கோர்ட்ல பேசு" என்றார். பிறகு அம்மாவின் அடையாள அட்டையை வாங்கி, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு படித்து, "இந்தாம்மா, இதுல நகரும் வியாபாரின்னு போட்டிருக்கு. நகரும் வியாபாரின்னா நகரணும். வியாழக்கிழமை மூணு மணிக்கு வர்றேன், நகர்த்திக் காட்டு, நான் எழுதிக்கிட்டுப் போயிடறேன். நகரலேன்னா என் கையில ஒண்ணுமில்ல" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும். சபேசன் கேட்டுக்குள் நின்றபடியே, "மரகதம், நான் பர்சனலா ஒண்ணும் சொல்லல, தெரியுமில்ல? ரூல்னு ஒண்ணு இருக்கு" என்றார். அம்மாவும் தலையை ஆட்டினாள். மரகதம். அவர் பேரன், இன்னும் ஒன்றாம் வகுப்புகூடப் போகவில்லை, அவனும் வந்து "மரகதம், பாட்டி புடவை கேட்டாங்க" என்கிறான், அம்மா "இதோ தம்பி" என்று எழுந்து போகிறாள். ஐம்பது வயசுக்காரியை அஞ்சு வயசு பேர் சொல்லிக் கூப்பிடுவது எந்த ரூல், எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம்? திருப்புளி மறுபடி வழுக்கி இந்தத் தடவை இடது கட்டைவிரலைக் கிழித்தது. வாயில் வைத்துச் சப்பினாள், துரு ருசியா ரத்த ருசியா, இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

வண்டி முன்னே நகர்ந்துகொண்டிருந்ததுதான். அப்பா இருந்தவரை இருவருமாகத் தள்ளிக்கொண்டு காலையில் இரண்டு தெரு, சாயங்காலம் இரண்டு தெரு. அப்பா போன பிறகு ஒரு ஆளால் அந்த இரும்பை அசைக்க முடியவில்லை, நின்றது, நின்ற இடத்துக்கே துணி வர ஆரம்பித்தது, அவ்வளவுதான். அவர் போன அடுத்த மாசமே சக்கரத்துக்குக் கீழே செங்கல் வைத்தாள் அம்மா. சாலையோர வியாபாரிகள் சட்டத்தில் என்ன குறை? சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. சாலையோரத்தில் நகர்ந்து தொழில் செய்கிறவர்களும் உண்டு, ஒரே இடத்தில் நின்று செய்கிறவர்களும் உண்டு, இருவருக்கும் அதில் இடம் இருக்கிறது. அட்டைக்கான விண்ணப்பத்திலேயே இரண்டு கட்டம், ஒன்று நகரும் வியாபாரி, இன்னொன்று நிலையான வியாபாரி. இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக் விழுந்திருந்தால் சபேசன் எத்தனை கடுதாசி எழுதினாலும் ஆபீசர் வந்திருக்கவே மாட்டார். அந்த டிக்கை எவனோ குமாஸ்தா அலட்சியமாகப் போட்டான் என்றுதான் செவ்வாய்க்கிழமை முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம், சிநேகிதியிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாளிடம்கூட. படிக்காத ஜனங்கள் என்றால் இப்படித்தான் எதையாவது போட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்று. நேற்று ராத்திரி டிரங்குப் பெட்டியிலிருந்து, கையால் எழுதிவைத்த விண்ணப்பத்தின் இரண்டாவது பிரதியை எடுத்துப் பார்க்கும்வரை. சக்கரத்தைத் திருப்பு. எதிர்ப்பக்கம் காலால் மிதித்துப் பார்க்கலாம், எதிர்ப்பக்க ஓரம் ரிம்மின் பள்ளத்துக்குள் இறங்கினால்தானே இந்தப் பக்கம் தளரும். மிதித்தாள். பிரதியில் இருந்தது பச்சை மை. பிளஸ் டூவில் அவள்தான் பச்சைப் பேனா வைத்திருந்தாள், கெஜட்டட் ஆபீசர் மட்டும்தான் பச்சையில் எழுதலாம் என்று தமிழ் மிஸ் சொன்னதற்காகவே, அப்படி எங்கே எழுதியிருக்கிறது காட்டுங்கள் என்று கேட்டு, வகுப்புக்கு வெளியே நின்று, மறுநாளும் பச்சையிலேயே எழுதினவள். மிதி. அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கின் வால் நீளமாக, அடுத்த வரிவரைக்கும் திமிராக இழுத்திருந்தது. அப்படி டிக் போடுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். மிதி, மிதி. பதினேழு வயசுக்காரி, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், இரண்டு கட்டத்தையும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், வண்டி என்றால் சக்கரம், சக்கரம் என்றால் நகரும் என்று, எவ்வளவு சுத்தமான தர்க்கம், போட்டுக் கொடுத்துவிட்டாள். அதைத்தான் இப்போது மண்ணெண்ணெய் ஊற்றிக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதில்லை, டயர் வந்துவிட்டால், வண்டி உருண்டுவிட்டால், ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விட்டால், யார் போட்ட டிக் என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் உருண்டுவிட்டால் மட்டும் என்ன? நகரத்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்ட மாதிரிதானே ஆகிறது. அடுத்த மாசம் இன்னொரு கடுதாசி, இன்னொரு தடவை உருட்டிக் காட்டு. ஒரு மனுஷி, தான் வேலை செய்கிற இடத்தில் நிற்பதற்கு, தான் அங்கே நிற்கவில்லை என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த நீதிபதியிடம் சொன்னாலும் சிரிப்பார். எந்த நீதிபதியும் ஆனந்தவல்லி நகர் முனைக்கு வரமாட்டார், அதுதான் சங்கதி. எதிர்ப்பக்கம் ஏதோ முறுக்கென்றது. டயர் அல்ல, அவள் செருப்பின் வார்.

"இன்னுமாடி மல்லுக்கட்டிக்கிட்டிருக்க?" அம்மா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு, வந்ததும் வராததுமாகச் சக்கரத்தை எட்டிப் பார்த்தாள். "அது என்ன பண்ணுச்சு உன்ன? மூஞ்சியெல்லாம் கரி." "வருதும்மா. கொஞ்சம் தளர்ந்திருக்கு." "எங்க தளர்ந்திருக்கு? நீதான் தளர்ந்திருக்க. ஒரு வாய் சாப்பிட்டு வா." "மணி ஒண்ணு ஆகப் போவுது, சாப்பாடாம் சாப்பாடு." அம்மா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் மறு ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, மணிக்கட்டு முழுக்கச் சுட்ட தழும்பு. அந்தக் கை வந்து பிடித்ததும் சக்கரம் ஆடுவதை நிறுத்திவிட்டது. அதைப் பார்த்ததும் தமயந்திக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, கோபம் வந்ததால் சொல்லிவிட்டாள். "அந்த டிக்கு நான் போட்டதும்மா." "எந்த டிக்கு?" "கார்டுக்கு எழுதிக் குடுத்தமே. நகரும்னு. குமாஸ்தா இல்ல. நான்தான்." அம்மா சக்கரத்தை மாற்றிப் பிடித்தாள். "ஆமா, நீதான் போட்ட. நான் பக்கத்துலதானே நின்னேன்." "உனக்குத் தெரியுமா?" "ரெண்டு இருக்கு, எதைம்மா போடன்னு கேட்ட. நகரும்னே போடுடி, நிக்கிற வண்டின்னா அபசகுனமா இருக்குன்னு நான்தான் சொன்னேன். மறந்துட்டியா? செவ்வாக்கிழமை பூரா யாரோ ஒரு குமாஸ்தாவ அந்தத் திட்டு திட்டுனியா, சரி, பாவம், திட்டட்டும், நம்மள திட்டாம இருந்தா சரின்னு இருந்துட்டேன்." திருப்புளி கையிலிருந்து நழுவியது. தமயந்திக்கு அது ஞாபகம் இல்லவே இல்லை. பச்சை மை ஞாபகம் இருக்கிறது, வால் நீண்ட டிக் ஞாபகம் இருக்கிறது, அம்மா பக்கத்தில் நின்றது மட்டும் அழிந்து போயிருக்கிறது. தப்பாக இருந்தாலும் அது தன் ஒருத்தியின் தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று மூளைக்கு எவ்வளவு ஆசை. "ஏம்மா, சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" "சொன்னா என்னையும் நாலு திட்டு திட்டுவ. பிடி, பேசாத, பிடிச்சு இழு."

இழுத்தார்கள். பிறகு இழுப்பதை விட்டு அறுத்தார்கள். ஆக்ஸா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்து, ரப்பரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் உள்ளே ஓரத்தில் கம்பி. கம்பியில் பிளேடு பட்டதும் பல்லெல்லாம் கூசியது, அம்மா காதைப் பொத்திக்கொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள், சீக்கிரம் அறுப்பது எப்படி என்று வேண்டுமானால் நீயே சொல்லு என்று இவள் கத்தினாள், ஒன்றே முக்காலுக்கு ஒரு கம்பி அறுந்தது, இரண்டேகாலுக்கு இன்னொன்று. அதன் பிறகு டயர் தன் வீம்பையெல்லாம் ஒரே நிமிஷத்தில் விட்டுவிட்டது. செதில் செதிலாகத் துரு கொட்ட, ரிம்மைவிட்டுச் சுருண்டு எழுந்து வந்து கல்லின்மேல் கிடந்தது. அம்மா கைதட்டினாள். தமயந்தி கொடிக் கம்பத்திலிருந்து தன் சைக்கிள் டயரை எடுத்து ரிம்மின்மேல் வைத்தாள். வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் மாட்டினால் அந்தப் பக்கம் நாலு விரல் எட்டவில்லை. அந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம். சின்னது. இரண்டும் சைக்கிள் சக்கரம்தானே என்று அளந்துகூடப் பார்க்காமல் எடுத்த டயர். மூன்று மணி நேரம் டயரைக் கழற்றத் தெரியாமல் போராடியவளுக்கு, மாட்டுவதற்கு டயரே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. உட்கார்ந்துவிட்டாள். வெயில் தலையில் இறங்கியது. சிரிப்பும் வந்தது, அந்தச் சிரிப்பு நின்றுவிட்டால் அழுகை வந்துவிடும் என்றும் தெரிந்தது. நாளைக்கு லாரி. தகரத்தைப் பிய்ப்பார்கள், பலகையைத் தூக்கிப் போடுவார்கள், அம்மா ஓரமாக நின்று, யார் வீட்டுத் துணியாவது மண்ணில் விழுந்துவிடப் போகிறதே என்று அதை மட்டும் பொறுக்கிக்கொண்டு நிற்பாள். அப்போதும் சபேசன் பர்சனலாக ஒன்றும் சொல்ல மாட்டார். ரிம் கல்லின்மேல் கிடந்தது. வெறும் இரும்பு. வட்டமாக. அவள் அதைப் பார்த்தாள். ஆபீசர் என்ன சொன்னார்? நகர்த்திக் காட்டு என்றார். உருண்டால் சரி என்றார். உருளுவதற்கு என்ன வேண்டும்? வட்டமாக இருக்க வேண்டும். டயரோடுதான் உருள வேண்டும் என்று யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது? "அம்மா, ஸ்பேனர் எடு." "வெறும் ரிம்மையாடி மாட்டப் போற? ரோடு சிமென்ட் ரோடு. சத்தம் ஊரக் கூட்டுமே." "கூட்டட்டும்."

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தெரு முனையில், வண்டியில் ரிம்மை ஏற்றி நட்டை முறுக்கினாள். ஆபீசர் மோட்டார் சைக்கிளை நிழல் பார்த்து நிறுத்திவிட்டு ஃபைலை எடுத்தார். சபேசன் தூக்கத்திலிருந்து எழுந்த முகத்தோடு, பனியனில், கேட்டுக்கு வந்து நின்றார். அம்மா செங்கலை ஒவ்வொன்றாக உருவினாள். தமயந்தி கைப்பிடியைப் பிடித்தாள், அம்மா பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்தாள், ஒன்று, இரண்டு என்று எண்ணாமலே இருவரும் ஒன்றாகத் தள்ளினார்கள். வண்டி முதலில் முனகியது. பிறகு ஒன்பது வருஷமாகத் தான் பதிந்திருந்த பள்ளத்தைவிட்டு மேலே ஏறி, சிமென்ட் ரோட்டில் வெறும் இரும்பை வைத்தது. வைத்ததும் எழுந்த சத்தத்தை அவளே எதிர்பார்க்கவில்லை. தகரமும் பலகையும் கரிப்பெட்டியும் சேர்ந்து அதிர, இரும்பு சிமென்ட்டை அரைத்துக்கொண்டு போன அந்தச் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. மாடியில் ஜன்னல்கள் திறந்தன. சபேசன் வீட்டுக்குள் அவர் பேரன் வீறிட்டு அழ ஆரம்பித்தான். "சரிம்மா, சரி, உருளுது, பாத்துட்டேன்!" என்று ஆபீசர் கத்தினார். சக்கரத்தில் ஆரக்கம்பி ஒன்று டிங்கென்று அறுந்தது, அவள் காதுக்கு மட்டும் அது தனியாகக் கேட்டது. இன்னும் எத்தனை தாங்கும்? இந்தத் தெரு முழுக்கத் தாங்குமா, பாதி தாங்குமா? தாங்குகிறவரை தாங்கட்டும். தெருவின் கோடிவரை போய்த் திருப்பினார்கள். திருப்பும்போது இன்னொரு கம்பி. "போதும், நிறுத்தும்மா!" ஆபீசர் குறுக்கே வந்தார். தமயந்தி நிறுத்தவில்லை, அவர்தான் ஒதுங்கினார். "நகரும் வியாபாரி சார் நாங்க," என்றாள், சத்தத்துக்கு மேலே சத்தமாக. "கார்டுல அப்படித்தான் இருக்கு. நகர்ந்துகிட்டேதான் இருக்கணும். தினமும் காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு நாலு தெருவும் வருவோம்." "ஆறு மணிக்கா?" என்றது மாடியிலிருந்து ஒரு குரல். "சார், நிறுத்தச் சொல்லுங்க சார், குழந்தை பயப்படறான்," என்றார் சபேசன். "நிறுத்தலாமே," என்றாள் அவள், தள்ளிக்கொண்டே. "நிக்கலாம்னு எழுதிக் குடுங்க. நிலையான வியாபாரின்னு. ரெண்டாவது கட்டம்." "அதுக்கு சங்கத்துல ஆட்சேபணை இல்லன்னு எழுத்துல வேணும்மா, நானா எழுத முடியாது," என்றார் ஆபீசர் காதில் விரலை வைத்துக்கொண்டு. மூன்றாவது கம்பி. சக்கரம் இப்போது கோணிக்கொண்டு ஆடியது, சத்தமும் கோணிக்கொண்டு இன்னும் கோரமாக ஏறியது. அம்மாவின் மூச்சு அவள் தோளருகே இரைத்தது, ஆனால் அந்தத் தோள் விலகவில்லை. சபேசன் கேட்டைத் திறந்துகொண்டு, செருப்பில்லாமல், தெருவில் இறங்கி வந்தார். "இல்ல சார், ஆட்சேபணை இல்ல, ஒண்ணும் இல்ல. பேனா குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?" ஆபீசர் ஃபைலை மோட்டார் சைக்கிள் சீட்டில் விரித்தார். சபேசன் குனிந்தார். அம்மா அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "போடறாருடி. நிறுத்திடலாமா?"

"மை காயட்டும்மா," என்றாள் தமயந்தி. "தள்ளு."